தேயிலை மர எண்ணெயும் நம் பிள்ளைகளின் முகமும்



சில மாதங்களாக என்னுடைய வட்ஸ்அப்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "டீச்சர், டீ ட்ரீ ஒயில் எண்டு ஒண்டு இரிக்காம். மகள்ட மூஞ்சி முழுக்கப் பரு. போடலாமா? இயற்கைதானே, ஒண்டும் செய்யாதே?" கேட்பவர்கள் என் மாணவிகளின் உம்மாமார், பக்கத்து வீட்டு மாமி, என் சொந்த மதினி. இரண்டு பையன்களும் கேட்டார்கள். பாவம், அவர்கள் "கூட்டாளிக்கு" என்று சொல்லித்தான் கேட்டார்கள்.

நான் டொக்டர் இல்லை. தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. ஆனால் பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரையான முகங்களை ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை பார்த்துக்கொண்டு நிற்பவள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் அனுப்பி முடியாததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் குமர்ப்பிள்ளையோ மீசை முளைக்கிற பையனோ இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சுருக்கமான பதில். சின்னப் பருக்களுக்கு அந்த எண்ணெய் ஓரளவு உதவும். ஆனால் போத்தலில் இருக்கிறபடி அப்படியே முகத்தில் பூசக் கூடாது. ஒரு கிழமையில் பலன் தராது. எல்லாப் பருவுக்கும் அது மருந்து இல்லை. இனி விளக்கமாகச் சொல்கிறேன்.

அதிகம் பேர் நினைப்பதுபோல இது நம் தேயிலையிலிருந்து எடுப்பது இல்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டாரே, நாம் காலையும் மாலையும் ஊற்றிக் குடிக்கிறோமே, அந்தச் செடிக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. இது அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே, சதுப்பு நிலங்களில் வளர்கிற ஒரு சின்ன மரம். மெலலூக்கா அல்டர்னிஃபோலியா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். கப்டன் குக்கின் கப்பலில் வந்தவர்கள் அந்தப் பக்கத்து மரமொன்றின் இலையைச் சுடுதண்ணீரில் போட்டுத் தேநீர்போலக் குடித்தார்களென்றும், அதனால்தான் அந்த வகை மரங்களுக்கு இந்தப் பெயர் வந்ததென்றும் சொல்வார்கள். நம் கொய்யா, ஜம்பு, நாவல், கராம்பு, யூக்கலிப்டஸ் எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது இந்த மரம். கராம்புத் தைலம் பல்லில் பட்டால் எப்படி விறுவிறுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த மண்ணின் ஆதிக்குடிகளான பன்ஜலங் மக்கள் இந்த இலையைக் கசக்கிக் காயங்களில் வைத்தார்கள், இருமலுக்கு முகர்ந்தார்கள். 1920களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற சிட்னி இரசாயனவியலாளர் இதன் எண்ணெயைச் சோதித்து, கிருமியைக் கொல்வதில் இது அந்தக் காலத்து காபோலிக் அமிலத்தை விடப் பல மடங்கு பலமானது என்று எழுதினார். அதன் பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பன்ஜலங் மக்கள் பயன்படுத்தியது இலை. போத்தலில் வருவது எண்ணெய். இலையையும் சிறு கிளைகளையும் நீராவியில் காய்ச்சி வடிக்கிறார்கள். 100 கிலோ இலையைப் போட்டால் ஒன்று, இரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். ஆக, ஒரு துளி எண்ணெய் என்பது ஒரு பிடி இலையின் சாரம். இலையை வைத்துப் பார்த்தவர்கள் சொன்ன அனுபவத்தை, எண்ணெயைப் பூசுகிறவர்கள் அப்படியே நம்பக் கூடாது. அளவு மாறிவிட்டது.

இனி, பரு ஏன் வருகிறது என்று பார்ப்போம். வயது வரும்போது உடம்பில் ஓமோன்கள் கூடுகின்றன. ஆண்பிள்ளை பெண்பிள்ளை இருவருக்கும்தான். அவை தோலின் கீழேயுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. இறந்த தோல் கலங்கள் உதிராமல் அந்த எண்ணெயோடு ஒட்டி மயிர்த் துவாரத்தின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட துவாரத்துக்குள், நம் எல்லோருடைய தோலிலும் சாதாரணமாக வாழ்கிற ஒரு பக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதோடு சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டைதான் சிவப்பு, வீக்கம், சீழ்.

இதில் "ஊத்தை" எங்கேயும் வரவில்லை. கரும்புள்ளி கறுப்பாக இருப்பது அழுக்கினால் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த அடைப்பு காற்றில் பட்டுக் கறுக்கிறது, அவ்வளவுதான். முகம் கழுவாத பிள்ளைக்குத்தான் பரு வரும் என்பது பொய். ஐந்து நேரமும் வுழூச் செய்கிற பிள்ளைக்கும் வரும். அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தண்ணீரால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டு உரசினால் தோல் வரண்டு, எரிந்து, பரு இன்னும் மோசமாகும். சவர்க்காரமோ பேஸ் வொஷ்ஷோ காலையும் இரவும் போதும். நடுவில் வெறும் தண்ணீர்.

இந்த எண்ணெய் எங்கே வேலை செய்கிறது? அந்த பக்டீரியாவைக் குறைக்கிறது, வீக்கத்தையும் கொஞ்சம் தணிக்கிறது. இதிலுள்ள டெர்பினென்-4-ஓல் என்ற பதார்த்தம்தான் முக்கியமான வேலைக்காரன். ஓமோனை இது மாற்றாது. அதனால் பூசுவதை நிறுத்தினால் பரு திரும்ப வரலாம். இதைச் சொல்லாமல் "நிரந்தரத் தீர்வு" என்று விளம்பரம் போடுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஆராய்ச்சி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. 1990இல் அவுஸ்திரேலியாவில் 124 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 5 வீத தேயிலை மர எண்ணெய் ஜெல்லும், மற்றப் பகுதிக்கு பாமசிகளில் வழக்கமாகக் கிடைக்கிற 5 வீத பென்சொய்ல் பெரொக்சைட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பகுதியினருக்கும் பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிவு, வரட்சி போன்ற தொல்லைகள் அதில் குறைவு. 2007இல் ஈரானில் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 45 நாட்கள் 5 வீத ஜெல் பூசியவர்களுக்கு, மருந்தில்லாத வெறும் ஜெல் பூசியவர்களை விட நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இவை சின்ன ஆய்வுகள்தான். பங்குபற்றியவர்களுக்கு இருந்தது இலேசான, நடுத்தரமான பரு. ஆனாலும் ஒன்றுமே இல்லாத வீட்டு வைத்தியங்களோடு ஒப்பிட்டால் இதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு.

அந்த 5 வீதம் என்ற எண்ணை விட்டுவிடாதீர்கள். இந்தப் பதிவு முழுவதும் அந்த எண்ணுக்காகத்தான்.

இனி ஒரு பிள்ளையின் கதை. பிள்ளையிடமும் அவளுடைய உம்மாவிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர், வகுப்பு எதுவும் சொல்ல மாட்டேன். யாரென்று தேடவும் வேண்டாம்.

நல்ல பேச்சாளி. தமிழ்த்தினப் போட்டியில் வலயம் வரை போனவள். கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றினார்கள், இவள் மட்டும் கழற்றவில்லை. முதலில் நானும் வீட்டில் யாருக்கோ சுகமில்லையாக்கும் என்றுதான் எண்ணினேன். இடைவேளையில்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, மாஸ்க்கை இலேசாகத் தூக்கி ரோல்ஸைச் சாப்பிடுவதைக் கண்ட பிறகுதான் விளங்கியது. கன்னம் முழுக்கப் பரு. வகுப்பில் சில பையன்கள் "பலாக்காய்" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு கலியாண வீட்டில் நெருங்கிய சொந்தம் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இப்பிடி மூஞ்சோட இரிந்தா நாளைக்கு யாரு பார்ப்பாங்க?" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு அப்போது பதினைந்து வயது.

அன்றிரவு அவள் போனில் தேடியிருக்கிறாள். ஒரு வீடியோவில் இந்த எண்ணெய். நூறு வீதம் சுத்தம், நூறு வீதம் இயற்கை. பெருநாள் காசில் ஒன்லைனில் ஓடர் பண்ணி, சின்ன மண்ணிறப் போத்தல் ஒன்று வந்தது. அந்த நூறு வீதத்தை அப்படியே பஞ்சில் தொட்டு, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு இரவும் பூசினாள். முதல் நாள் விறுவிறுத்தது. "வேலை செய்யுது" என்று நினைத்தாள். எரிய எரிய, இன்னும் கொஞ்சம் கூட்டினாள். இரண்டாவது கிழமை தோல் சிவந்து உரியத் தொடங்கியது. வுழூச் செய்யத் தண்ணீர் பட்டால் கண்ணீர் வந்ததாம். அதற்கு மேல் மாஸ்க். அது உரசி, உள்ளே வியர்த்து, இன்னும் புண்ணானது. அந்த வருடம் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னேன். "வேணாம் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று பாருங்கள். ஆய்வில் பூசியது 5 வீதம். இவள் பூசியது நூறு வீதம். இருபது மடங்கு. இருமல் மருந்து ஒரு கரண்டி குடிக்கச் சொன்னால் இருபது கரண்டி குடிப்போமா?

இரண்டாவது, நம் தோலின் நிறம். மாநிறத் தோலுக்கு ஒரு குணம் இருக்கிறது. எந்த எரிச்சல், எந்தப் புண் வந்தாலும் அது ஆறிய இடத்தில் கறுப்பு அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும். பரு ஒரு கிழமையில் போய்விடும், அந்த அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கடுமையாகும். ஆக, நமக்குப் பருவை விட எரிச்சல்தான் பெரிய எதிரி. "எரிஞ்சாத்தான் மருந்து பிடிக்கும்" என்று மூத்தம்மா காலத்திலிருந்து சொல்லி வருகிறோமே, முகத்துக்கு அது பொருந்தாது. எரிந்தால் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, எண்ணெயும் பழுதாகும். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் ஒட்சியேற்றம் நடந்து, அதிலுள்ள பதார்த்தங்கள் மாறி, ஒவ்வாமை உண்டாக்குகிற பொருள்களாக ஆகின்றன. புது எண்ணெய் ஒத்துக்கொண்டவருக்கே பழைய எண்ணெய் சொறியும் தடிப்பும் தரலாம். நம் பக்கத்து வெக்கையில் ஜன்னலோரம் வைத்த போத்தல் எவ்வளவு சீக்கிரம் பழுதாகும் என்று யோசியுங்கள்.

"ஆனா டீச்சர், இயற்கைதானே" என்று இன்னும் சொல்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். கஜுக்கொட்டை சுட்டுத் தின்றிருக்கிறீர்களா? பச்சைக் கொட்டையை உடைக்கும்போது தோட்டுப் பால் கையில், உதட்டில் பட்டால் என்ன ஆகும்? பொத்துப்போய், தோல் உரிந்து, கறுத்துப் போகும். அதுவும் அல்லாஹ் படைத்த மரத்தில் இருந்துதான் வருகிறது. எந்தத் தொழிற்சாலையும் அதில் கை வைக்கவில்லை. அதே கொட்டையின் பருப்பை வட்டிலப்பத்தில் போட்டுத் தின்கிறோம். ஒரே மரம், ஒரே கொட்டை. எந்தப் பகுதி, எவ்வளவு, எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இயற்கை என்ற சொல் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு போட வேண்டும் என்பதைச் சொல்லாது.

சரி, சரியாகப் பாவிப்பது எப்படி? நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஒன்று. முடிந்தால் சுத்த எண்ணெய் வாங்காதீர்கள். 5 வீதம் என்று லேபலில் போட்ட ஜெல்லோ கிறீமோ வாங்குங்கள். கலக்கிற வேலையும் பிழைக்கிற பயமும் இல்லை.

இரண்டு. ஏற்கனவே சுத்த எண்ணெய் வாங்கிவிட்டீர்கள் என்றால், கணக்கு இதுதான்: ஒரு பங்கு எண்ணெய்க்கு 19 பங்கு மற்றது. ஒரு தேக்கரண்டி 5 மில்லி. ஏறத்தாழ 100 துளி. ஆகவே வாசனை சேர்க்காத, இலேசான முகக் கிறீம் ஒரு தேக்கரண்டிக்கு ஐந்து துளி எண்ணெய். அதற்கு மேல் வேண்டாம், குறைவாகத் தொடங்கினால் இன்னும் நல்லது. தண்ணீரில் விட்டுக் கலக்காதீர்கள். எண்ணெயும் தண்ணீரும் கலக்காது என்பது தரம் 6 பாடம். மேலே மிதக்கிற நூறு வீத எண்ணெய்தான் கன்னத்தில் படும். தேங்காயெண்ணெயிலும் வேண்டாம், அது சிலருக்குத் துவாரத்தை இன்னும் அடைக்கும்.

மூன்று. முகத்தில் போடுவதற்கு முன்னர் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால், கடித்தால், தடித்தால் அந்தப் பிள்ளைக்கு அது சரிவராது. விட்டுவிடுங்கள்.

நான்கு. முதலில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரவில், முகம் கழுவித் துடைத்த பிறகு. கண், உதடு, மூக்குத் துவாரப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். வெடித்த, உரிந்த தோலிலும் போட வேண்டாம்.

ஐந்து. ஆறு முதல் எட்டுக் கிழமை பொறுங்கள். ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால், அதிலேயே காசைக் கொட்டாமல் டொக்டரிடம் போங்கள்.

ஆறு. போத்தலை இறுக மூடி, இருட்டான, குளிர்மையான இடத்தில் வையுங்கள். திறந்த திகதியை லேபலில் எழுதுங்கள். ஆறு மாதம், கூடினால் ஒரு வருடம். அதற்குப் பிறகு எறியுங்கள்.

ஏழு. இது மிக முக்கியம். இதைக் குடிக்கக் கூடாது. ஒரு துளிகூட வாய்க்குள் போகக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இதை விழுங்கினால் மயக்கம், தள்ளாட்டம் வந்து ஆபத்தாகும். கருஞ்சீரக எண்ணெய் மாதிரி இதையும் கரண்டியில் எடுத்துக் குடிக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். தங்கச்சி தம்பிகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், எக்சிமா உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

எண்ணெயோடு நிற்காமல் இன்னும் இரண்டு காரியம் செய்யலாம். பர்தா தாடையிலும் கன்னத்திலும் இறுகி உரசும் இடத்தில் நிறையப் பிள்ளைகளுக்குப் பரு வருகிறது. பருத்தித் துணி நல்லது, கொஞ்சம் தளர்வாகக் குத்துங்கள், வியர்த்ததை அடுத்த நாளும் போடாமல் தினமும் கழுவுங்கள், சவர்க்காரம் போக நன்றாக அலசுங்கள். தலையணை உறையையும் அப்படியே. பருவைக் கிள்ளவே வேண்டாம். கிள்ளுகிற விரல்தான் பாதித் தழும்புக்குக் காரணம்.

எப்போது நேராக டொக்டரிடம் போக வேண்டும்? தோலுக்குக் கீழே கட்டி கட்டியாக, தொட்டால் நோகிற பெரிய பரு என்றால். குழி விழத் தொடங்கினால். நெஞ்சு, முதுகு முழுக்கப் பரவினால். பெண்பிள்ளைக்குப் பருவோடு சேர்த்து மாதாந்த ஒழுங்கு குழம்பி, முகத்தில் ரோமமும் கூடினால். இவற்றுக்கு எந்த எண்ணெயும் சரிவராது. காத்திருந்தால் தழும்பு வாழ்நாள் முழுக்க நிற்கும். நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காசு கேட்பதில்லை. காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே தருகிற சில மருந்துகள் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். ஒரு சின்னத் தகவல்: பென்சொய்ல் பெரொக்சைட் தந்தால், அது துணியின் நிறத்தை எடுத்துவிடும். கறுப்பு ஷோலில் வெள்ளைத் திட்டு விழுந்தால் பயப்படாதீர்கள், இரவில் பழைய உறையைப் போட்டுக்கொண்டு படுங்கள்.

இந்த எண்ணெயை விட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. லேபல் இல்லாத சின்ன டப்பாவில், "ஹோம் மேட்" என்று சொல்லி விற்கிற வெள்ளையாக்கும் கிறீம். பருவுக்கும் அதையே தருகிறார்கள். ஐந்து நாளில் முகம் பளபளவென்று வந்துவிடும். அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம். அவ்வளவு வேகமாக வேலை செய்வது பெரும்பாலும் ஸ்டீரொய்ட்தான். குளோபெட்டசோல், பீட்டாமெதசோன் போன்றவை. முதலில் சிவப்பை அடக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, ரோமம் முளைத்து, நிறுத்தினால் முன்பைவிடப் பத்து மடங்கு பரு கிளம்பும். சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது தோலோடு நிற்காது, சிறுநீரகத்தைப் பாதிக்கும். மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையே பாதரசம் சேர்த்த அழகுக் கிறீம்களைத் தடுக்கிறது. ஆனால் தடுப்புச் சட்டம் நம் வீட்டுக் கண்ணாடி மேசை வரை வந்து பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும். என்ன போட்டிருக்கிறது என்று எழுதாத எதையும் பிள்ளையின் முகத்தில் போடாதீர்கள்.

நான் கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் எனக்கும் பரு வந்தது. அறையில் எட்டுப் பேர், எட்டு வைத்தியம். ஒருத்தி பற்பசையோடு வந்தாள், ஒருத்தி தேசிக்காயோடு, இன்னொருத்தி மஞ்சளோடு. எனக்கு மேலே படுக்கிற அக்கா மட்டும் ஒரு வைத்தியமும் சொல்லவில்லை. எனக்கு விரிவுரையில் பேச வேண்டிய நாள் வந்தால் முதல் வரிசையில் இருந்து தலையாட்டிக்கொண்டே கேட்பார். என் முகத்தில் ஒன்றுமே இல்லை என்பதுபோலப் பார்ப்பார். பரு அதன் பாட்டில் வந்து அதன் பாட்டில் போனது. அந்த எட்டு வைத்தியமும் இன்று எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. அந்த அக்காவின் பார்வை ஞாபகம் இருக்கிறது.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளை நூறு வீத எண்ணெயை எரிய எரியப் பூசுகிறது என்றால், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் அந்த முகத்தைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். கலியாண வீட்டில், மையித்து வீட்டில், பெருநாள் அன்று வாசலில் வைத்தே, "என்ன புள்ள, மூஞ்செல்லாம் இப்பிடி ஆய்த்து?" என்று கேட்கிறோமே. பாசத்தில்தான் கேட்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை அன்று காலையிலேயே கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. நாம் சொல்லித் தெரிய வேண்டிய செய்தி அதில் ஒன்றும் இல்லை. படிப்பைக் கேளுங்கள், உம்மாவின் சுகத்தைக் கேளுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். வைத்தியம் தெரிந்தால் தனியாக, பிள்ளையின் தாயிடம், மெதுவாகச் சொல்லுங்கள். பையன்களின் வாப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள்: பட்டப்பெயர் வைப்பது விளையாட்டு இல்லை என்று வீட்டில் ஒரு தடவை சொல்லி வையுங்கள். உங்கள் மகனுக்கும் அடுத்த வருடம் பரு வரும்.

அந்த மாணவியைக் கடைசியில் அவளுடைய உம்மா கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். டொக்டர் முதலில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தோல் ஆறும் வரை இலேசான கிறீம் மட்டும். பிறகுதான் பருவுக்கு மருந்து. அரை வருடத்துக்கு மேல் பிடித்தது. கன்னத்தில் கறுப்பு அடையாளம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மங்கி வருகிறது. இந்த முறை பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது, கடைசியாக வந்து கொடுத்தாள். மாஸ்க் சில நாள் போடுகிறாள், சில நாள் போடுவதில்லை. நான் இரண்டு நாளும் ஒரே மாதிரித்தான் அவளைப் பார்க்கிறேன்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை டொக்டரிடம் கேட்கச் சொல்கிறேன். பிள்ளைகளின் முகப் படத்தைத் தயவுசெய்து இங்கே கொமன்ட்டில் போடாதீர்கள். வீட்டில் மண்ணிறப் போத்தல் ஒன்று இருந்தால், இன்றைக்கே எடுத்து லேபலில் எத்தனை வீதம் என்று பாருங்கள்.

உங்கள் துஆக்களில் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.